சீசன் முடிந்த பிறகு போகிறவர்

எங்கள் ஊரில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு இருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். மாரி மழை தொடங்கினால் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கப் போய்விடுவேனாம். பள்ளிவாசலில் பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார், மீன் வாங்கப் போனால் அங்கேயும் அண்ணன் முறை வைத்துக் கேட்கிறார்கள்: "என்ன காக்கா, இந்த முற எப்ப கேம்பிங்?" என் மருமகன் தன் கூட்டாளிகளிடம் பெருமையாகவே சொல்லித் திரிகிறார். "எங்கட மாமாவப் போல ஒரு ஆளக் காட்டுங்க பாப்பம். இந்த வயசிலயும் டென்ட் அடிச்சிப் படுக்கிறார்."

இதில் டென்ட் அடித்துப் படுக்கிறேன் என்பது மட்டும்தான் உண்மை. எனக்கு வெளியில் படுப்பது பிடிக்காது. மணல் பிடிக்காது. இடுப்பில் ஈரச் சாரத்தோடு விடியும்வரை கிடப்பதை எந்தப் புத்தியுள்ளவன் விரும்புவான்? கல்முனை பஸாரில் ஒரு துணிக்கடையில், மின்விசிறிக்குக் கீழே நின்று, வாழ்நாள் முழுதும் துணி அளந்தவன் நான். நான் போவதற்குக் காரணம் வேறு. மகளும் மருமகனும் இருக்கிற வீட்டில் எனக்கு இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் கண்ணை விரிப்பார்கள். எங்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பெண் பிள்ளை பிறந்துவிட்டால் தகப்பன் கல்லுக்கும் சீமெந்துக்கும் ஓடத் தொடங்குவான். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆணுக்கு வீடு என்றால் முதலில் தாயுடையது, பிறகு மனைவியுடையது. நான் பிறந்த வீடு சாய்ந்தமருதில் இன்னும் இருக்கிறது, என் தங்கையின் பெயரில். அவளும் அதைத் தன் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஓர் ஓரத்தில் இருக்கிறாள். அங்கே போய் நான் எந்த மூலையில் படுப்பது?

மனைவியின் வீட்டுக்கு நான் வந்தபோது அது கடலுக்குக் கிட்ட இருந்தது. அந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. எங்கள் மூவரையும் கொண்டுபோகாமல் விட்டது அல்லாஹ்வின் அருள். மகள் அப்போது பாலர் வகுப்புக்குப் போகிற வயது. நிவாரணத்தில் கொடுத்த வெள்ளைக் கூடாரத்தில் நீண்ட காலம் கிடந்தோம். பகலில் உள்ளே வெந்தோம், மழையில் ஒழுக ஒழுக எழும்பியிருந்தோம். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூடாரம் என்றதும் உல்லாசப் பயணம் ஞாபகம் வராமல் போனதற்கு இதுதான் காரணம். "இதுக்குப் பொறகு நான் மௌத்தானா ஓட்டுக் கூரைக்குக் கீழதான் மௌத்தாகணும்" என்று மனைவி அடிக்கடி சொல்வாள். கடலை விட்டுத் தள்ளி ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டினோம். அவள் கேட்டபடியே அந்த ஓட்டுக்குக் கீழேதான் மௌத்தானாள், மகளின் கல்யாணத்தைப் பார்க்காமலே.

கல்யாணம் சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு நடந்தது. வீட்டை மகளின் பெயருக்கு எழுதினேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எழுதாமல் விட்டிருந்தால்தான் வெட்கம். மகளுக்குக் கல்யாணமானால் தாயும் தகப்பனும் பெரிய வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, பின்வளவில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இல்லாவிட்டால் அடுத்த மகளுக்குக் கட்டுகிற வீட்டில் இருப்பார்கள். எனக்கு அடுத்த மகளும் இல்லை, பின்வளவும் இல்லை. எங்கள் துண்டு நிலத்தில் கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் திரும்பத்தான் இடம். மனைவி இருந்திருந்தால் சமையலறைப் பக்கத்தில் இரண்டு பேருமாக எப்படியோ ஒட்டிக்கொண்டிருப்போம். தாய் இருக்கிற வீட்டில் தகப்பன் இருப்பது யாருக்கும் பாரமில்லை. தாயில்லாத வீட்டில் தகப்பன் தனியாக ஹோலில் உட்கார்ந்திருப்பது என்ன கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கு ஊரில் ஒரு வழக்கமான வைத்தியம் உண்டு. கடையில் என்னோடு வேலை செய்தவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வீடுள்ள கைம்பொம்பிளையாப் பாத்து ஒரு நிக்காஹ் செய்யுங்க. வீடும் கிடைக்கும், சோறும் கிடைக்கும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வயதில் மறுபடியும் ஒரு உடுப்புப் பெட்டியோடு இன்னொரு வாசலில் போய் நிற்க என்னால் முடியாது என்றேன். அவர் அதன் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

மருமகன் நிந்தவூர்ப் பிள்ளை. வங்கியில் வேலை. அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு நாக்கு வராது, அதுதான் என் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டுக்கொண்டாவது இருந்திருப்பேன். நான் ஹோலுக்குள் வந்தால் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். "இருங்க மகன்" என்றாலும் இருக்கமாட்டார். தன் வீட்டில் வேலைக்களைப்போடு கால் நீட்டியிருக்கிற மனிதர், ஒரு நாளைக்கு எத்தனை தடவை எனக்காக எழும்புவது? மகளும் அவரும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றுவிடும். மரியாதைக்காகத்தான் நிறுத்துவார்கள். ஆனால் தான் நுழைந்ததும் சிரிப்பு நிற்கிற ஒரு வீட்டில் மனிதன் எவ்வளவு காலம் இருப்பான்?

அந்த வருட மாரியில் ஒரு நாள் விடாத மழை. வீதியெல்லாம் வெள்ளம், மருமகனுக்கு வேலையில்லை. இரண்டு பேரும் ஹோலில் இருந்தார்கள். நான் என் சின்ன அறைக்குள் இருந்தேன். எனக்குக் குளியலறைக்குப் போக வேண்டும். அதற்கு ஹோலைக் கடந்துதான் போக வேண்டும். இப்போது எழும்பிவிடுவார்கள், இப்போது போய்விடுவார்கள் என்று முற்பகல் முழுதும் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வயிறு நொந்தது. நான் ஆசைப்பட்டுக் கட்டின வீட்டில் ஒன்றுக்குப் போக வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

பகல் சோற்றின்போது சொன்னேன். "ரெண்டு நாளைக்குப் பொத்துவில் பக்கம் போய் இருந்திட்டு வரலாமெண்டு பாக்கிறன்."

"அங்க ஆர் வாப்பா இரிக்கிற?" என்று மகள் கேட்டாள்.

அங்கே யாருமில்லை. எங்கள் ஊர்ப் பொடியன்கள் மோட்டார் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு பொத்துவிலுக்கு அப்பால் உல்லைக் கடற்கரைப் பக்கம் போவதைக் கண்டிருக்கிறேன். "டென்ட் அடிச்சி இருக்கலாமெண்டு" என்றது என் வாய். அது எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது.

மருமகன் சோற்றுக் கையை நிறுத்திவிட்டார். "இந்த மாரியிலயா மாமா? சீசன் முடிஞ்சிதே. கடல் அடிக்கும். சித்திரைக்குப் பொறகு போங்களன், நல்லா இரிக்கும்."

அவர் சொன்னது நியாயம். அங்கேயே ஓம் என்று சொல்லித் தலையாட்டியிருந்தால் எல்லாம் சரி. ஆனால் சித்திரைவரை நான் எங்கே போவது? "சீசன்ல எங்களப் போல ஆக்கள் போக ஏலுமா மகன்? வெள்ளக்காரக் கூட்டம் உடுப்பில்லாமக் கிடக்கும். மாரியிலதான் கடற்கரை ஒழுங்கா இரிக்கும்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ், மாமா சொல்றதும் சரிதான்" என்றார். அன்றோடு நான் மாட்டிக்கொண்டேன். வெறுமனே கடல் பிடிக்கும் என்று சொல்லியிருந்தால் வைகாசியில் காய்ந்த மணலில், நிலவில் படுத்திருக்கலாம். ஒழுக்கத்தைக் காரணம் காட்டிவிட்டேனே. இனி மழையில் மட்டும்தான் போகலாம். பேண வேண்டிய கொள்கையாகிவிட்டது.

கூடாரம் வாங்க அக்கரைப்பற்றுக்குப் போனேன். கல்முனையில் வாங்கினால் தெரிந்தவர் கண்ணில் படும். கடைக்காரர் மேலே இருந்து ஒரு பொதியை இறக்கித் தூசு தட்டினார். "வெள்ளம் வந்த ஆக்களுக்கா காக்கா?"

"இல்ல, எனக்குத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எந்தப் பக்கம் ஒங்கட? வீடு முழுக்கத் தண்ணியா?" என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு விளக்கம் சொல்லி முடியாது.

பஸ்ஸில் தம்பிலுவில், திருக்கோவில் எல்லாம் கடந்து போனேன். இரண்டு பக்கமும் பெரும்போக வயல் பச்சையாக நீரில் நின்றது. உல்லைவரை போனால் ஊர்ப் பொடியன் எவனாவது பார்த்துவிடுவான் என்று கோமாரியிலேயே இறங்கிக்கொண்டேன். கடற்கரையில் சீசனுக்கு மட்டும் திறக்கிற ஒரு தங்குமிடம் இருந்தது. பலகைக் குடில்கள், எல்லாவற்றுக்கும் தகரம் அடித்துப் பூட்டு. காவல்காரர் ஒருவர் சின்னக் கொட்டிலில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். தம்பிலுவில் ஆள், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். வாய் நிறைய வெற்றிலை.

"என்ன காக்கா, வழி மாறி வந்திட்டீங்களா?"

"டென்ட் அடிச்சி இருக்க வந்தன் தம்பி."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார். குடிலொன்றின் திண்ணையில் கூரைக்குக் கீழே அடிக்கலாமா என்று கேட்டேன். "முதலாளி போன்ல பாக்கிறதுக்குக் கமராப் பூட்டியிரிக்கார். இதுக்குள்ள ஆளக் கண்டா என்ட வேல போயிரும். வெளியில மணல்ல அடிங்க. கடல் ஆருடையும் இல்லதானே." அப்படித்தான் ஆயிற்று. பூட்டிய அறைகள் வரிசையாக நனையாமல் நின்றன. நான் அவற்றின் முன்னால் மழையில் கூடாரக் கம்பியோடு மல்லுக்கட்டினேன்.

மாரிக் கடற்கரையைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் அதில் ஒரு நாளும் படுத்திராதவர்கள். கடல் சேற்று நிறத்தில் குமுறிக்கொண்டே இருக்கும். தோணிகளை மேட்டுக்கு ஏற்றிக் கவிழ்த்துவிட்டு மீனவர்கள் போய்விடுவார்கள். வாடைக்காற்று ஓயாது. மணல் வாயில், கண்ணில், தின்கிற பாணில், தொழுகைப் பாயில். சீசனில் வெள்ளைக்காரர் கையால் தின்று பழகிய நாய்கள் விலா எலும்பு தெரிய வந்து நிற்கும், அவற்றுக்கு நான் என்ன கொடுக்க? எனக்குச் சமைக்கத் தெரியாது. உம்மாவின் வீட்டிலும் மனைவியின் வீட்டிலும் அடுப்படிக்குள் கால் வைக்க விடாமல் வளர்த்துவிட்டார்கள். பாணும் டின்மீனும், காவல்காரர் மனமிரங்கினால் பால் இல்லாத ஒரு பிளேன்ரீயும். அவ்வளவுதான் என் உல்லாசம்.

தொழுகையில் ஒரு சந்தேகம் வந்தது. பிரயாணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ஆனால் கோமாரி எங்கள் ஊரிலிருந்து அந்தச் சலுகைக்குப் போதுமான தூரமில்லை. ஆகவே முழுதாகத்தான் தொழுதேன். மார்க்கத்தின் கணக்கில் நான் பிரயாணியில்லை. ஊரில் இருக்கிறவனும் இல்லை. பாயில் நெற்றியை வைத்தபடி, யா அல்லாஹ், நான் எந்தக் கணக்கில்தான் வருகிறேன் என்று கேட்டேன். காற்று கூடாரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த அன்று நடந்ததுதான் என்னைக் கெடுத்தது. மகள் வாசலில் நின்று, "நல்லா இருந்திச்சா வாப்பா?" என்று கேட்டாள். நல்லா இருந்திச்சு என்று சொல்லத்தானே வேண்டும். சொன்னேன். சொன்னதை நிறுத்தத் தெரியாமல் யானை ஒன்று களப்பைக் கடந்து வந்ததாகவும், நான் மூச்சை அடக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் கிடந்ததாகவும் ஒரு கதையை அளந்தேன். வந்தது காவல்காரரின் மாடு. மகள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். மருமகன் எழும்பவில்லை, கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "பொறகு மாமா? பொறகு?" என்றார். மனைவி மௌத்தான பிறகு அந்த வீட்டில் நான் நீளமாகக் கதைத்தது அன்றுதான். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கதை நாலைந்து நாளைக்குத் தாங்கும். பிறகு தீர்ந்துவிடும். மறுபடியும் செருப்புச் சத்தம், மறுபடியும் சிரிப்பு நிற்கும். நான் பையை எடுப்பேன். போய் நனைந்துவிட்டு, புதுசாக ஏதாவது அளந்துகொண்டு வருவேன். முதலை, மலைப்பாம்பு, காட்டுப் பன்றி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மாரி முடிந்து சீசன் தொடங்கியதும் கொள்கைப்படி வீட்டில் இருந்தேன். அந்தக் காலம்தான் கஷ்டமான காலம். சொல்ல ஒன்றுமில்லாமல், பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் பொழுதைப் போக்கிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது மாரி வரும்போது மகள் பிள்ளை வயிற்றோடு இருந்தாள். எனக்கு மனதில் ஒரு தைரியம் வந்தது. பேரப்பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் மூத்தாப்பாவுக்கு ஒரு மூலை இருக்காதா? பிள்ளையைத் தூக்கிவைத்திருக்க, தொட்டில் ஆட்ட ஒரு ஆள் வேண்டாமா? உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று கோமாரியில் இருந்து யோசித்தேன். நாய்களிடம் சொல்லிப் பழகினேன். "மகள், எனக்கு வெளியில படுக்கிற புடிக்கல்ல. ஒரு நாளும் புடிக்கல்ல. அந்தச் சின்ன அறையில என்னக் கிடக்க விடுங்க. எனக்கு அது காணும்."

அந்த முறை காற்றோடு பெரிய மழை. கூடாரத்தின் ஒரு பக்கம் கிழிந்து, கம்பி வளைந்து, துணி முழுக்க என் மேல் விழுந்தது. காவல்காரர்தான் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் கொட்டிலில் இருத்தினார். எனக்குக் காய்ச்சல். கொத்தமல்லி அவித்துத் தந்தார். முதல் முறையாக அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு அண்டைக்கே விளங்கிற்று காக்கா. இந்த மழைக்குள்ள ஆசப்பட்டு ஆர் வாற? எனக்கும் மூணு பொம்பிளப் புள்ளையள். எங்கடயும் அதே வழக்கம்தானே. மனுசி போனதுக்குப் பொறகு மூத்தவட்டக் கேட்டன், இருக்கட்டா எண்டு. இருங்கப்பா எண்டுதான் சொன்னா. சொல்லிப்போட்டு மருமகன்ட மூஞ்சயப் பாத்தா. நான் அந்த மூஞ்சயப் பாக்கல்ல. இஞ்ச வந்திட்டன்."

வானொலியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தார். பிறகு, "உங்கட மருமகன் நல்லவரெண்டுதானே சொல்றீங்க. கேட்டுப் பாருங்க" என்றார்.

காய்ச்சல் விட்டதும் பஸ் ஏறினேன். கிழிந்த கூடாரத்தை அங்கேயே விட்டுவிட்டேன். இனி அது எதற்கு என்ற எண்ணம்தான். காரைதீவு கடக்கும்போதும் அந்த வசனத்தையே சொல்லிக்கொண்டு வந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு எனக்கு நல்லது நடக்கப்போகிறது என்று நம்பினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாசலில் பெயின்ட் மணம் அடித்தது. மகள் வயிற்றைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு வந்து, "வாப்பா, கண்ண மூடுங்க" என்றாள். கையைப் பிடித்து என் அறைக்குக் கூட்டிப்போனாள். சுவரெல்லாம் இளம்பச்சை. என் கட்டில் இல்லை. புதுத் தொட்டில் ஒன்றும், பெரிய கட்டில் ஒன்றும் இருந்தன. மருமகனின் உம்மா பிள்ளைப்பேறு பார்க்க நிந்தவூரிலிருந்து வந்து தங்கப்போகிறாராம். அவரோடு மருமகனின் தங்கைகளும் வந்து போவார்களாம். என் உடுப்புகளை மகள் அழகாக மடித்து அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பெட்டியில் வைத்திருந்தாள்.

"வீடு முழுக்கப் பொம்பிளையாத்தான் இரிக்கும் வாப்பா. நாப்பது நாள் கழியிறவரைக்கும் ஒங்களுக்குத்தான் கஷ்டம். நாங்க ரெண்டு பேரும் யோசிச்சி யோசிச்சிப் பாத்தம். மறுகா இவர்தான் சொன்னார்..."

மருமகன் உள்ளேயிருந்து ஒரு பெரிய பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கத்தாரில் இருக்கிற, தனக்கு மூத்த நானாவிடம் சொல்லி அனுப்புவித்ததாம். கூடாரம். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது, எந்தக் காற்றுக்கும் அசையாது. குளிருக்குப் போர்த்த ஒரு பஞ்சுப் பையும் கூடவே இருந்தது. பிரித்துப் பிரித்துக் காட்டினார். சிறு பிள்ளையின் சந்தோஷம் அவர் முகத்தில்.

"இனி நனைய மாட்டீங்க வாப்பா" என்றாள் மகள். "எத்தின நாளும் இருக்கலாம். உம்மா போனதுக்குப் பொறகு ஒங்களுக்கு ஒரு சந்தோசம் கிடைச்சதெண்டா அது இதுதானே. நாங்க அதுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாது."

பழகி வைத்திருந்த வசனம் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அந்தப் பிள்ளை இரண்டு மாரியையும் ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்ப்பாள். நான் நனைந்த ஒவ்வொரு மழையையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வாள். பிள்ளை வயிற்றோடு நிற்கிறவளுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கூடாரத் துணியைத் தடவிப் பார்த்தேன். துணி அளந்த கைக்குத் தரம் தெரியும். "நல்ல சாமான் மகன்" என்றேன்.

கோமாரியில் அதை விரித்தபோது காவல்காரர் சுற்றி வந்து பார்த்தார். கேட்டீங்களா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. "இதுக்குள்ள மாசக் கணக்கா இருக்கலாம் காக்கா" என்றார். உண்மைதான். ஒழுகவே இல்லை. பழைய கூடாரம் ஒழுகும்போது, கிழிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு சாட்டாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை.

பிள்ளை பிறந்த செய்தி போனில் வந்தது. ஆண் பிள்ளை. மழையில் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பிறந்ததும் பிள்ளையின் காதில் சொல்ல வேண்டிய பாங்கைச் சொன்னது யார் என்று கேட்டேன். சம்பந்தி வந்து சொல்லிவிட்டார் என்றார் மருமகன். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பேரன் ஆண் பிள்ளையாகப் பிறந்துவிட்டானே என்று எனக்கு ஒரு கணம் துக்கமாக இருந்தது. அந்த வீடும் அவனுடையதில்லை.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். வாசல் கேற் சாத்தியிருந்தது. உள்ளே மருமகன் பக்கத்துப் பெண்கள். முக்காடில்லாமல் இருப்பார்கள், திடீரென்று நுழையக் கூடாது. வெளியில் நின்று ஸலாம் சொன்னேன். உள்ளே சலசலப்பு. "ஆம்பிள ஆக்கள் வந்திரிக்காங்க, உள்ளுக்குப் போங்க" என்று யாரோ சொன்னார்கள். ஒரு சின்னப் பிள்ளையின் குரல், "ஆரு?" என்று கேட்டது.

யாரென்று சொல்வது? மெதுவாக, "பிள்ளப் பெத்தவட வாப்பா" என்றேன்.

கேற் திறந்தது. மகளிடம் போனேன். பிள்ளையை என் கையில் தந்தாள். சூடாக, கனமில்லாமல் இருந்தான். மனைவியின் நெற்றி அவனுக்கு. மகள் அவன் காதுக்குக் கிட்டக் குனிந்து, "மூத்தாப்பா வந்திரிக்கார் பாருங்க, யானைக் கதையெல்லாம் வச்சிரிக்கார்" என்றாள். எனக்கு அன்று ஒரு கதையும் வரவில்லை. ஹோலில் ஒரு கதிரை போட்டு என்னை இருத்தினார்கள். தேநீர் வந்தது, தங்கக் கரை போட்ட கோப்பையில். மனைவி ஆசைப்பட்டு வாங்கிய கோப்பைகள் அவை. வெளியார் வந்தால் மட்டும் எடுப்பாள். எனக்கு அவற்றில் ஒரு நாளும் தந்ததில்லை.

சம்பந்தியின் மனைவி என் பழைய அறையின் திரைக்குப் பின்னால் நின்று கதைத்தார். மரியாதையான பெண். "ஒங்களக் கண்டது சந்தோசம். சமைச்சி முடிஞ்சி. இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகணும்" என்றார்.

நான் இருந்து சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டு வந்தபோது மகள் கதவடியில் பிள்ளையோடு நின்றாள். "மழ கறுத்திட்டு வருது வாப்பா. பஸ் தவறிப்போயிரும், வெளிக்கிடுங்க" என்றாள். நான் வெளிக்கிட்டேன்.